மடியில் வைத்த மாமன்

பவானியில் தறி ஓட்டும் சென்னியப்பன் இருந்த கொஞ்சம் காசோடு கடல் பார்க்கத் தீவுக்கு வந்தார். விடுதிக்குக் காசு போதாதவருக்குத் தீவுக்காரி சேதுமணி தன் குடிசையில் இடம் கொடுத்தாள். விடுமா ஊர்? தீவுப் படகுகளையெல்லாம் வைத்திருக்கும் சம்மாட்டி நாகசாமி வந்து கத்தினான். விடுதியும் அவனுடையதுதான்.

“சொந்தக்காரன்னா வீட்டுல தங்கட்டும். மத்தவன் என் விடுதிக்கு வரணும், இல்ல படகேறணும்.”

“இவரு எனக்கு அண்ணன், சம்மாட்டி.”

“எந்த ஊரு அண்ணன்டி? ஊரறிய நிரூபி, பாப்போம்.”

மறுநாளே சேதுமணி தன் கைக்குழந்தையைச் சென்னியப்பன் மடியில் வைத்துக் காது குத்தினாள். ஊரே கூடியது. மீன்குழம்பு விருந்தில் முதல் இலை சம்மாட்டிக்கு. ஏப்பம் விட்டு எழுந்தவனைக் கேட்டாள்:

“மாமன் மடியில காது குத்துனதைப் பாத்து, விருந்தும் சாப்பிட்டாச்சு. இன்னும் என்ன நிரூபிக்கணும்?”

ஊர் சிரித்தது. 

ஆசை தீரக் கடல் பார்த்த சென்னியப்பன், “மருமக பெரியவளானா சீர் கொண்டாரேன், அம்மிணி” என்று படகேறினார்.

சேதுமணியின் மகள் பெரியவளானாள். சொல்லி அனுப்பியும் அவர் வரவில்லை. சடங்குப் பந்தலில் மாமன் நிற்கவேண்டிய இடம் காலி. முதல் இலையில் இருந்த சம்மாட்டி, “எங்கம்மா உங்கண்ணன்?” என்றான். கேலியாக அல்ல, உண்மையாகவே கேட்டான்.

எதற்கும் பதில் வைத்திருந்த சேதுமணி, குனிந்து அவன் இலையில் சோறு போட்டாள்.