மாசிலாமணியின் வருகை

ஆற்றங்கரை மடத்துக்குச் சொந்தமாக ஒரு தமிழ்க் கல்லூரி இருந்தது. மடத்தின் குரு தன் சீடர் அறவாழியை அதற்கு முதல்வராக வைத்திருந்தார். அறவாழி கறாரான மனிதர். ஒரு பையனுக்கு அரை மதிப்பெண் கூட்டிப் போடுவதென்றால் அவருக்கு உயிர் போய் உயிர் வரும்.

அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. வருகைப் பதிவேட்டைத் தொடவே மாட்டார். வகுப்புக்குள் நுழைந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, தேவாரம் ஓதுவதுபோல அத்தனை பெயர்களையும் மனப்பாடமாகச் சொல்வார்.

தேர்வு முடிந்திருந்தது. பட்டமளிப்பு விழா வரைக்கும் மாணவர்கள் தங்கி வகுப்புக்கு வருவது அங்கே வழக்கம். அப்போதுதான் மினி பஸ் ஓட்டும் கோதண்டம் அறவாழியைத் தேடி வந்தார். அவர் மகன் மாசிலாமணி கடைசி ஆண்டு படிக்கும்போதே காய்ச்சலில் இறந்துபோனவன். அறவாழியே மாலையோடு சாவுக்குப் போய்வந்திருந்தார்.

“பட்டக் காயிதம்கூட வேணாங்க,” என்றார் கோதண்டம். “கூடப் படிச்ச பசங்களோட சேத்து மேடையில அவன் பேரை ஒரு தடவை கூப்பிட்டாப் போதும். அவங்க அம்மா காதுல விழணும்.”

அறவாழிக்கு மறுக்க மனம் வரவில்லை. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே. குருவைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டு, நேரே குருவிடம் போனார்.

“சாமி, இறந்தவனுக்குப் பட்டம் கொடுக்கலாமா?”

“உனக்கு என்ன தோணுது?”

“கூடாதுங்க சாமி. அவன் தேர்வே எழுதல. அதுவும் போகட்டும், மைக் முன்னால நின்னு பேரைக் கூப்பிட்டா யார் வருவா? நான்தான் திருதிருன்னு முழிக்கணும். இல்லாத ஆளைக் கூப்பிடறவனை ஊர் என்ன சொல்லும்?”

“பைத்தியம்னு சொல்லும்,” என்றார் குரு. “நாளைக்கு உன் வகுப்புக்கு வரேன்.”

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலையே சாமி?”

“அதான் வரேன்னு சொன்னேனே.”

மறுநாள் காலை குரு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அறவாழிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன் மனப்பாடத்தைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கணீரென்று ஆரம்பித்தார்.

“பூவராகன்!”

“உள்ளேன் ஐயா!”

“மாசிலாமணி!”

“உள்ளேன் ஐயா!”

“மெய்யப்பன்!”

“நிறுத்து,” என்றார் குரு. “மெய்யப்பனுக்கு முன்னால யாரு?”

“மாசிலா...” அறவாழி கண்ணைத் திறந்தார். வாயை மூட மறந்துவிட்டார். ஒருவழியாகச் சமாளித்துக்கொண்டு கத்தினார். “எவன்டா அவனுக்குக் குரல் கொடுத்தது?”

பூவராகன் எழுந்து நின்றான். “இன்னிக்கு நான். நேத்து மெய்யப்பன். முறை வெச்சுச் சொல்றோம் ஐயா.”

“செத்துப்போனவன் பேருக்கா? விளையாடறீங்களா?”

“விளையாட்டு இல்லீங்க ஐயா. அவன் சாவுக்குப் போயிட்டு வந்த மறுநாளும் நீங்க அவன் பேரைக் கூப்பிட்டீங்க. கூப்பிட்டுட்டுக் காத்துட்டே இருந்தீங்க. கிளாஸ்ல ஒரு சத்தம் இல்ல. தாங்க முடியல ஐயா. அதான் சொல்லிட்டேன். நீங்களும் அடுத்த பேருக்குப் போயிட்டீங்க. அதுக்கப்புறம் நீங்க ஒரு நாளும் நிறுத்தல. நாங்களும் நிறுத்தல.”

“உயிரோட இருந்தப்பவே பாதி நாள் நாங்கதான் ஐயா சொல்லுவோம்,” என்றான் மெய்யப்பன். “அவன் ரூம்ல தூங்கிட்டிருப்பான்.”

வகுப்பே சிரித்தது. பூவராகன் மட்டும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அறவாழி கூனிக்குறுகிப் போனார். “பழக்கதோஷம் சாமி...” என்று இழுத்தார்.

குரு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“செத்தவனை இத்தனை நாளா வகுப்புக்குக் கூப்பிட்டிருக்கே, அறவாழி. ஒரு நாள் மேடைக்குக் கூப்பிட்டா என்ன?”