பத்துக்கு இரண்டு

நிலோஃபரை அலுவலகத்தில் எல்லோரும் குரு என்றுதான் சொல்வார்கள். சீடர் தேவசகாயத்துக்கு அவரைவிடப் பதினெட்டு வயது கூடுதல். கற்றுக்கொள்ள வந்தவருக்கு வயதென்ன வயது?

அவர்கள் செய்த மென்பொருள், குழந்தைகள் ஆஸ்பத்திரியில் மருந்தின் அளவைக் கணக்கிடுவது. அதற்குள் யார் யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த முன்னூறு நிரல்கள் இருந்தன. ஒன்றில் எவனாவது விஷமம் செய்தாலும் ஒரு குழந்தையின் உயிர் போய்விடும். ஒவ்வொன்றையும் சோதித்து மதிப்பெண் போடுவது தேவசகாயத்தின் வேலை.

"மேடம், ஒண்ணு மட்டும் தேறல. எலியாஸ்னு ஒருத்தர் தனியாளா பாத்துக்கிறார். ரெண்டு வருஷமா ஒரு திருத்தமும் இல்ல. பத்துக்கு ரெண்டு."

"அவர்கிட்ட பேசினீங்களா?"

"கேள்வித்தாள் அனுப்பினேன். நாப்பத்திரண்டு கேள்வி, ஏழு நாள் கெடு. பதிலே வரல."

நிலோஃபர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அவருக்கு நாம சம்பளம் குடுக்கிறோமா சார்?"

"இல்ல."

"எத்தனை வருஷமா அவர் நிரலை வச்சிருக்கோம்?"

"ஒன்பது."

"ஒரு நன்றி சொல்லியிருக்கோமா?"

தேவசகாயம் கேள்வித்தாளை மூடிவைத்தார்.

"இப்ப எழுதுங்க. கேள்வி ஒண்ணுகூட வேண்டாம்."

எழுதினார். எந்தக் குழந்தைகளுக்கு எப்படிப் பயன்படுகிறது என்று விவரமாகவே எழுதினார். அன்று மாலையே பதில் வந்தது.

"இத்தனை வருடத்தில் நன்றி என்று வந்த முதல் கடிதம் இதுதான். அம்மா படுக்கையில் இருக்கிறார், என்னால் முடியவில்லை. நிரலைத் திருத்தும் உரிமையைத் தனக்குக் கொடுக்கச் சொல்லி முகம் தெரியாத ஒருவர் ஆறு மாதமாக நச்சரிக்கிறார். நாளை கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். குழந்தைகளுக்கு என்பது எனக்குத் தெரியாது. அவர் யார் என்று விசாரித்துச் சொல்வீர்களா?"

இருவரும் உட்கார்ந்து விசாரித்தார்கள். அந்த ஆள் இதேபோல் வேறு இரண்டு நிரல்களைக் கெஞ்சி வாங்கி, பிறகு நுழைந்து விஷமம் செய்ய உள்ளே திருட்டுவழி வைத்திருந்தான். எலியாஸுக்குச் சொன்னார்கள். அவர் உரிமையைக் கொடுக்கவில்லை.

தேவசகாயத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கோ அம்மாவின் கட்டிலருகே இருக்கும் அந்த மனிதரை நினைத்துக் கைகூப்பினார். பிறகு மதிப்பெண் பட்டியலைத் திறந்தார்.

"மேடம், இவருக்கு இப்ப எத்தனை போடட்டும்?"

"அவருக்கு ஒரு துணை வேணும் சார். அந்த ரெண்டை அழிச்சிட்டு, உங்க பேரை எழுதுங்க."