நூற்றிருபதாவது சுற்று

கோவைப் பக்கத்து மோட்டார் ஆலை ஒன்றில் சென்னியப்பன் முப்பது ஆண்டுகள் கையால் செம்புக் கம்பி சுற்றியவர். ஐம்பத்திரண்டாம் வயதில் அவருக்கு ஒரு குரு வாய்த்தாள். பெயர் பூங்கோதை, வயது இருபத்தெட்டு. ஆலையின் மின்னணுப் பிரிவு அவள் பொறுப்பு.

கம்பி சுற்றத் தானியங்கி இயந்திரங்கள் வந்துவிட்டன. அவற்றை இயக்கும் ‘ஆர்ம்’ வகைக் கணினிச் சில்லுக்கு நிரல் எழுதத் தெரிந்தால் வேலை நிலைக்கும். தெரியாவிட்டால் மாதக் கடைசியோடு வீடு. மேலாளர் குப்புராஜ் வைத்த சோதனை இதுதான்: இயந்திரம் நூற்றிருபதாவது சுற்றில் நிற்க வேண்டும். பத்து முறை அணைத்துப் போட்டாலும் பத்து முறையும்.

மூன்று மாதம் அவர் எமுலேட்டரில் பயின்றார். கணினிக்குள் இருந்துகொண்டு சில்லைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் அது. அதில் அவருடைய நிரல் ஒருமுறையும் தவறியதில்லை.

சோதனைக்கு முந்தைய நாள் சில்லு பதித்த மெய்யான போர்டில் நிரலை ஏற்றினார். முதல் முறை இயந்திரம் அசையவே இல்லை. அடுத்த முறை ஒன்பதில் நின்றது. மூன்றாம் முறை நிற்க மறுத்துக் கம்பியை அறுத்தது.

“போர்டு கெட்டுப் போச்சுங்க டீச்சர்.”

“வேற போர்டு போடுங்கண்ணா.”

போட்டார். பதினேழில் நின்றது.

“ஊர்ல இருக்கற போர்டெல்லாம் உங்க மேல கோவமா இருக்குதுங்களா?” என்றாள் பூங்கோதை.

“நூறு தடவ சரியா ஓடுச்சுங்களே! இப்ப மட்டும் ஏனுங்க?”

அவள் மூலையில் கிடந்த பழைய கைச்சுற்று இயந்திரத்தைத் தூக்கி மேசைமேல் வைத்தாள்.

“நாப்பது சுத்துங்க.”

“மீனுக்கு நீச்சல் பரிச்சைங்களா?” என்று சிரித்தபடி அவர் கம்பியைக் கோத்தார். கை பிடியைத் தொடுமுன் கட்டைவிரல் சென்று சுற்று எண்ணும் முள்ளைத் திருப்பியது.

“நில்லுங்க. இன்னும் ஒரு சுத்துகூடச் சுத்தல. விரல் எங்க போச்சு?”

“முன்னாடி சுத்துனவன் விட்டுட்டுப் போன எண்ணு இருக்குமுங்களே. அதைச் சைபருக்குக் கொண்டு வராம எவனாச்சும்...”

அவர் பார்வை முள்ளிலிருந்து போர்டுக்குத் தாவியது.

“எமுலேட்டர்ல எண்ணை வைக்கற இடம் தானாவே சைபருங்க,” என்றார் மெல்ல. “போர்டுல கண்டதும் கெடக்கும்.”

விசைப்பலகையை இழுத்தார். எண்ணத் தொடங்குமுன் சைபரை வை என்று நிரலின் தலையில் இரண்டே வரி.

மறுநாள் குப்புராஜ் பத்து முறை அணைத்துப் போட்டார். பத்து முறையும் நூற்றிருபது.

“போதும்ப்பா,” என்று எழுந்தார்.

“உக்காருங்க சார். இன்னும் நாப்பது தடவ போடுங்க,” என்றார் சென்னியப்பன்.

ஐம்பதாம் முறையும் நூற்றிருபதே. குப்புராஜ் வாய்விட்டுச் சிரித்துக் கையெழுத்திட்டார்.

அவர் போனபின் சென்னியப்பன் பெருமூச்சு விட்டார். “மூணு மாசமா அந்த எமுலேட்டர் என்னை ஏமாத்திப் போட்டுதுங்க டீச்சர்.”

“ஏமாத்தலீங்கண்ணா. முள்ளைத் திருப்பற உங்க வேலையை அது சத்தமில்லாமப் பாத்துட்டிருந்துச்சு. நேத்து அதையும் நீங்க பிடுங்கிட்டீங்க.”