மூணு புரோட்டான் உருவிய சங்கிலி

சங்கரன்கோவிலில் எங்கள் அக்கா மகள் செவ்வந்திக்கு நிச்சயம். அவள் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கும் டீச்சர். மாப்பிள்ளையின் அப்பா மாடக்கண்ணு, ஏதோ ஒரு காலேஜ் லேபில் பாட்டில் கழுவி ரிட்டயர் ஆனவர். வந்ததும் வராததுமாக, அஞ்சு பவுன் என்று சொல்லி ஒரு சங்கிலியைப் பெண் கழுத்தில் போடவைத்தார். அதற்குள் ராகுகாலம் பிறந்துவிட்டது. தட்டு மாற்ற இனி பன்னிரண்டு மணி ஆகும். தட்டு மாறிவிட்டால் அப்புறம் பின்வாங்க முடியாது. கரண்டும் இல்லை. ஒன்றரை மணி நேரம் அவர் வாய்க்கு நாங்கள்தான் தீனி.

"இது கடையில வாங்கினதுன்னு நெனச்சிராதீய. ஈயத்துல இருந்து நானே செஞ்சேன். ஈயத்தோட அணுவுல எண்பத்திரண்டு புரோட்டான். தங்கத்துல எழுபத்தொம்பது. மூணை உருவிட்டா தங்கம். ஊருல ஒருத்தனுக்கும் தோணல பாத்துக்கிடுங்க."

என் அண்ணன் சொக்கலிங்கம் விசிறியை நிறுத்தினான். "அணு கண்ணுக்கே தெரியாதும்பாங்களே அண்ணாச்சி?"

"ஒமக்குத் தெரியாது. எனக்குக் கண்ணுல புரை எடுத்த பொறவு எல்லாம் தெரியுது. உள்ள போனா அம்புட்டும் பொட்டல். தெப்பக்குளம் அளவுக்கு எடம், நடுவுல ஒரு கடுகு. அதான் அணுக்கரு. சுத்தி எண்பத்திரண்டு எலக்ட்ரான், கொசுவா மொய்க்கி. கொசுவத்தி ஏத்தி வச்சேன். மயங்கிட்டு."

"கடுகுக்குள்ள?"

"புரோட்டானுக்கு ஒண்ணையொண்ணு கண்டா ஆகாது. தள்ளிக்கிட்டே கெடக்கும். நியூட்ரான்தான் நடுவுல உக்காந்து சமாதானம் பண்ணும். அதுக்கு வாயே கெடையாது, நம்ம சம்பந்தி மாதிரி."

செவ்வந்தியின் அப்பா, எங்கள் அத்தான், முகட்டைப் பார்த்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

"எதை வச்சு உருவினீய?" அண்ணன் விடவில்லை.

"என் வீட்டுக்காரி மூக்குத்தித் திருகாணியை வச்சுதான். அஞ்சு பவுனுக்கு எத்தனை கோடி அணு, யோசிங்க. ஒரே மத்தியானம். சாப்பிடக்கூட எந்திரிக்கல."

"மூணு எலக்ட்ரான் மிச்சமாகுமே?"

"அதுகளை வாசல் வரைக்கும் வெரட்டி விட்டேன்."

"உருவின புரோட்டான்?"

"மும்மூணா ஒட்டி லித்தியம் ஆயிட்டு. செல்போன் பேட்டரியில போட்டேன். நாலு வருசமா சார்ஜே ஏத்தல. மிச்சம் இந்தா, பொடி டப்பாவுல கெடக்கு." இடுப்பிலிருந்து மூக்குப்பொடி டப்பாவை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். திறக்கவில்லை.

பன்னிரண்டு அடித்தது. அத்தான் தட்டைத் தூக்கினார். அப்போதுதான் செவ்வந்தி எழுந்தாள். கைக்குட்டையால் கழுத்து வேர்வையைத் துடைத்து, சபைக்கு விரித்துக் காட்டினாள். பச்சையாக ஒரு கோடு.

"மாமா, பச்சை ஏறுனா அது செம்பு," என்றாள், வகுப்பில் சொல்லும் அதே குரலில். "செம்புல இருபத்தொம்பது புரோட்டான்தான். மூணு உருவப் போயி அம்பத்து மூணை உருவிட்டீய. தங்கமாகணும்னா இன்னும் அம்பது வேணும். டப்பாவுல தேடிப் பாருங்க. கெடச்ச பொறவு தட்டு மாத்திக்கிடலாம்."

சங்கிலியைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள். அத்தான் தட்டை இறக்கினார்.

மாடக்கண்ணு நிஜமாகவே டப்பாவைத் திறந்து, குனிந்து உற்றுப் பார்த்தார். தும்மல்தான் வந்தது.