அத்திக் குச்சிக்குக் கட்டின வீடு

சாய்ஞ்சான்பட்டிக்காரர்களை யாராவது முட்டாள் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள், அவ்வளவுதான். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை வேண்டும் என்று ஊரெல்லாம் கோயில் கோயிலாகச் சுற்றுகிறது. ஒரு ஊர் முழுக்க அப்படிப் பிறந்துவிட்டால் மட்டும் சிரிக்கிறது. இது என்ன நியாயம், சொல்லுங்கள்.

அந்த ஊரில் மொக்கைச்சாமி, ஒச்சப்பன், வீரணன் என்று மூன்று அண்ணன் தம்பிகள். ஊர்க் கோடியில் ஒரு காலி மனையும், அதில் அப்பா அடுக்கி வைத்துவிட்டுப் போன செங்கலும் ஓடும்தான் சொத்து. குடியிருந்தது பருத்திக் குடோனுக்குப் பின்னால் ஒரு வாடகைச் சாய்ப்பில். மூத்தவன் மொக்கைச்சாமிக்குத் தாய்மாமன் மகள் காமுத்தாயி என்றால் உயிர். அவளுக்கும் அவன் மேல் உயிர்தான். ஏன் என்று கேட்காதீர்கள், அது அவளுக்கே தெரியாது.

ஆனால் மாமன் சன்னாசி ஒரே பிடியாக நின்றார். “சொந்த வீடு இல்லாதவனுக்கு என் பொண்ணு கிடையாது. வர்ற வைகாசிக்குள்ள வீட்டைக் காட்டு, பொண்ணைக் கூட்டிட்டுப் போ. இல்லேன்னா மளிகைக்கடை மாப்பிள்ளைக்குப் பாக்கு வெத்திலை மாத்திருவேன், ஆமா!”

முதன்முதலாக வீடு கட்டுகிறவர்களுக்கு அரசாங்கம் உதவி தருகிறது என்று கேள்விப்பட்டு, மூவரும் ஆபீசுக்கு ஓடினார்கள். அங்கே பரமானந்தம் என்ற அதிகாரி இருந்தார். நல்ல மனுஷன். அதுதான் அவருக்கு வினையாகப் போயிற்று.

“உன் பேர்ல எங்கேயும் வீடு இருக்கக் கூடாது. கட்டப்போறதுதான் முதல் வீடா இருக்கணும்,” என்றார் அவர். “அப்புறம், மனையில பழமரம் ரெண்டாவது நட்டுத் துளிர்த்து நிக்கணும். மாசிக் கடைசியில நானே நேர்ல வந்து பார்ப்பேன்.”

“எதைங்கய்யா பார்ப்பீங்க?” என்று கேட்டான் வீரணன்.

“மனையில வீடு இல்லைங்கிறதைப் பார்ப்பேன்.”

இல்லாத ஒரு வீட்டைப் பார்க்க ஒரு ஆபீசர் ஜீப்பைப் போட்டுக்கொண்டு அவ்வளவு தூரம் வருகிறாரே என்று மூவருக்கும் கண் கலங்கிவிட்டது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்கள்.

நேரே கோவிந்தராசுவின் நாற்றுப் பண்ணைக்குப் போனார்கள். அப்போது மார்கழிப் பனி. அவர் சீமை அத்தி மரத்திலிருந்து இலையே இல்லாத ரெண்டு குச்சியை வெட்டிக் கையில் கொடுத்தார்.

“பழமரம் கேட்டோம், விறகு குடுக்குறீங்களே,” என்றான் ஒச்சப்பன்.

“விறகு இல்லடா. பனிக்கு இலையை உதிர்த்துட்டு இருக்கு, உள்ளே உயிர் இருக்கு. இப்ப நட்டாத்தான் நல்லா வேர் பிடிக்கும். ரெண்டு கணு மண்ணுக்குள்ளே, ரெண்டு கணு மண்ணுக்கு மேலே. சாய்ச்சு வெட்டின முனை கீழே. வெயில் படக் கூடாது, காத்து அடிக்கக் கூடாது, ஆடு மாடு வாய் வைக்கக் கூடாது. வேர் பிடிச்சிருச்சான்னு பார்த்துக்கங்க.”

மூவரும் அதைப் பாட்டு மாதிரி திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே மனைக்கு வந்தார்கள். ஒன்றைக்கூட மறக்கவில்லை. மறந்திருந்தால் பிழைத்திருப்பார்கள்.

குழி தோண்டியதும் ஒச்சப்பன் குச்சியைத் தடவிப் பார்த்துத் திகைத்துப் போனான். “அண்ணே, இதுல அஞ்சு கணு இருக்கு!”

“உள்ளே ரெண்டு, வெளியே ரெண்டு,” என்றான் மொக்கைச்சாமி. “அஞ்சாவதை என்ன செய்யச் சொன்னாரு?”

“சொல்லலையே.”

“ஒடிச்சுப் போட்டா என்ன?” என்றான் வீரணன்.

“ஒடிக்கச் சொன்னாரா? பெரியவங்க சொல்லாததைச் செஞ்சு பழகாதே.”

மூவரும் குழியைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் அஞ்சாவது கணு உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஒச்சப்பன் குப்புறப் படுத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, மண்ணைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டு அந்தக் கணுவின் நட்டநடுவில் மண்மட்டத்தை நிறுத்தினான். ரெண்டாவது குச்சிக்கும் அதே பாடுதான்.

மறுநாள் காலையில் வீரணன் ரெண்டையும் பிடுங்கிப் பார்த்தான். வேர் இல்லை. மறுபடி நட்டான். ஒச்சப்பன் மறுபடி படுத்தான். இப்படியே தினமும் நடந்தது. சைக்கிளில் அந்தப் பக்கம் வந்த கோவிந்தராசு இதைப் பார்த்துவிட்டு அப்படியே இறங்கி ஓடிவந்தார்.

“அடப் பாவிகளா! தினம் பிடுங்கினா எப்படிடா வேர் பிடிக்கும்?”

“பிடிக்கலைன்னுதானேங்க பிடுங்கிப் பார்க்கிறோம்,” என்றான் வீரணன். “பிடிச்சிருந்தா வராதுல்ல?”

கோவிந்தராசு தலையில் அடித்துக்கொண்டார். “இனிமே அதுல எவனாவது கை வச்சீங்க, கையை முறிச்சுப் போடுவேன்!” என்று கத்திவிட்டுப் போனார். அன்றிலிருந்து வீரணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயில் தண்ணீர் மொண்டு குச்சிக்குக் கொப்பளித்தான். இப்படியொரு பணிவை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

வெயில்தான் பெரிய சங்கடமாக இருந்தது. ஒச்சப்பன் வேட்டியை விரித்துப் பிடித்து நின்று நிழல் கொடுத்தான். அவன் சாப்பிடப் போனால் நிழலும் கூடவே போயிற்று. மொக்கைச்சாமி யோசித்து, நாலு கம்பு நட்டு, மேலே அப்பா அடுக்கி வைத்த ஓட்டைப் பரப்பினான்.

“அண்ணே, மேலே தடுத்தா சாயங்காலம் வெயில் பக்கவாட்டுல வருது,” என்றான் ஒச்சப்பன்.

மேற்கே ஒரு சுவர் எழுந்தது. அப்புறம் வாடைக்காற்று வடக்கே இருந்து அடித்ததால் வடக்கே ஒன்று. அடிக்கிற காற்று போவதற்கு வழியில்லாமல் குச்சியைச் சுற்றிக்கொண்டே நிற்குமே என்று தெற்கே ஒன்று. கிழக்கே ஆடு வந்தது. கிழக்கையும் எழுப்பி ஒரு கதவு வைத்தார்கள்.

“ஆடு கதவைத் திறக்காது, சரி. ஆட்டுக்காரன் திறப்பானே,” என்றான் வீரணன். அதனால் பூட்டும் வாங்கினார்கள்.

பூட்டிய பிறகு மொக்கைச்சாமிக்கு மனசு கேட்கவில்லை. “உள்ளே ஒரே இருட்டா இருக்குடா. குச்சிங்க கண்ணு முழிச்சுப் பார்த்துட்டு, இன்னும் விடியலைன்னு பேசாம இருந்துட்டா?” அதுவும் நியாயம்தான் என்று ஒரு ஜன்னல் வைத்தார்கள்.

செங்கல் தீர்ந்தது, ஓடு தீர்ந்தது. மனையில் லட்சணமாக ஒரு வீடு நின்றது. தங்களுக்கு வீடு கட்ட வைத்திருந்த சாமான் எல்லாம் போயிற்றே என்று மூன்று பேருக்கும் ஒரு கவலையும் இல்லை. ஆபீசர் கேட்டது பழமரம் அல்லவா!

“அண்ணே, பால் காய்ச்சாம யாரையும் புது வீட்டுல குடி வைக்கலாமா?” என்று கேட்டான் ஒச்சப்பன். “அது நம்ம சனத்துல வழக்கமே இல்லையே.”

மொக்கைச்சாமிக்குச் சுருக்கென்றது. மாமன் வீட்டுக்கு ஓடி, “காமு, பால் காய்ச்சணும், வா!” என்று மட்டும் சொன்னான். அவள் வந்து வீட்டைப் பார்த்தாள். வாசலில் மாவிலைத் தோரணம், ரெண்டு பக்கமும் வாழை. அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. கூட வந்த சன்னாசியும் சுவரைத் தட்டிப் பார்த்து, “பரவாயில்லடா, சாதிச்சுட்டே!” என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

காமுத்தாயி வலது காலை எடுத்து வைத்து உள்ளே போய், மூணு கல் கூட்டி, அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினாள். பால் கிழக்கே பொங்கியது. எல்லாரும் குலவை போட்டார்கள். மொக்கைச்சாமி முதல் டம்ளரை வாங்கி, பயபக்தியோடு கொண்டுபோய் மூலையில் இருந்த ரெண்டு குச்சிக்கும் பக்கத்தில் வைத்தான்.

“அது என்ன மச்சான்?”

“இவங்கதான் குடி வந்திருக்காங்க.”

“அப்ப நாம எங்கே இருக்கிறது?”

“சாய்ப்புலதான். இது குச்சி வீடுல்ல?”

காமுத்தாயி அடுப்புப் பக்கத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தாள். சன்னாசியின் முகம் கறுத்தது. “அப்ப உனக்கு வீடு இல்லையா?”

“இல்லீங்க மாமா,” என்றான் மொக்கைச்சாமி. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

“நடடி வீட்டுக்கு! மளிகைக்கடைக்காரன்தான் உனக்கு!”

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் ஜீப் வந்து நின்றது. பரமானந்தம் இறங்கினார். தோரணத்தைப் பார்த்தார், வாழையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

“வீடு கட்டிப் பாலும் காய்ச்சியாச்சா? ரொம்ப சந்தோஷம். இனி கட்டப்போறது ரெண்டாவது வீடு. உதவி கிடையாது.”

“ஐயா, இது எங்க வீடு இல்லீங்க,” என்றான் மொக்கைச்சாமி.

“பின்னே யாருது?”

“அத்திக் குச்சியோடதுங்க.”

பரமானந்தம் உள்ளே போய்ப் பார்த்தார். அந்தப் பாவப்பட்ட குச்சிகள் இத்தனைக்கும் பிறகு துளிர்த்திருந்தன. ஒவ்வொன்றிலும் பச்சைப்பசேல் என்று ரெண்டு இலை. அவர் வெளியே வந்து ஜீப்பின் மேல் சாய்ந்துகொண்டு தண்ணீர் கேட்டார். “குச்சி பேர்ல வீடு எழுத முடியாதுய்யா! உன் வீடு இல்லேன்னா யாராவது மனுஷன் பேரைச் சொல்லு!”

மொக்கைச்சாமியின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. உதவியும் போயிற்று, காமுவும் போகிறாள்.

காமுத்தாயி சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். “என் வீடுங்கய்யா. உள்ளே காலடி எடுத்து வச்சது நான், அடுப்பு மூட்டினது நான், பால் காய்ச்சினது நான். அடுப்பு யாருதோ வீடு அவளுது.”

“ஆமாங்க,” என்றான் மொக்கைச்சாமி. “எனக்கு அது தோணலை பாருங்க.”

சன்னாசி குறுக்கே விழுந்தார். “வீடு உனக்கு இருந்து என்னடி? இவனுக்கு இல்லையே!”

“இல்லாட்டி என்னப்பா? வீட்டோட மாப்பிள்ளையா வரட்டும்.”

சன்னாசி கொஞ்ச நேரம் யோசித்தார். அவரும் சாய்ஞ்சான்பட்டிக்காரர்தானே. முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. “அட, ஆமா! வீட்டோட மாப்பிள்ளையா வர்றவனுக்குத் தனி வீடு இருந்தாத்தானே தப்பு!”

பரமானந்தம் சோர்ந்துபோன குரலில் கேட்டார்: “பெரியவரே, இவனுக்குச் சொந்த வீடு இல்லேன்னு நீங்க சாட்சி சொல்வீங்களா?”

“சத்தியமா இல்லீங்கய்யா! அதனாலதானே பொண்ணைக் குடுக்கிறேன்!”

பரமானந்தம் உதவிக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டு, ஜீப்பில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார். டிரைவர்தான் விடைபெற்றுக்கொண்டு போனார்.

வைகாசியில் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மொக்கைச்சாமி வீட்டோட மாப்பிள்ளையாகக் குச்சி வீட்டுக்குப் போனான். மாப்பிள்ளையைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் தம்பிகளும் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடவே போனார்கள். பண உதவி வந்ததும் மனையின் மறுபக்கத்தில் புது வீட்டு வேலை ஆரம்பமாயிற்று. இந்தத் தடவை காமுத்தாயியே நின்று கட்டினாள். இவர்கள் மூவரையும் பக்கத்தில் விடவே இல்லை.

அதற்குள் அத்தி ரெண்டும் கிடுகிடுவென்று வளர்ந்து கூரையை முட்டின. அத்திப் பிள்ளைகளுக்குத் தலை இடிக்குமே என்று ஒச்சப்பன் ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி, கடைசியில் ஒரு ஓடுகூட இல்லாமல் செய்துவிட்டான்.

ஐப்பசியில் புது வீடு முடிந்தது. காமுத்தாயி விடிகாலையில் பால் காய்ச்சி, அடுப்பையும் அரிசிப் பானையையும் அங்கே கொண்டுபோய் வைத்தாள். மற்ற சாமான்களை எடுத்துக்கொண்டு வரச் சொல்லி இவர்களை அனுப்பினாள். அப்போது பிடித்துக்கொண்டது பாருங்கள் மழை, அப்படி ஒரு அடைமழை. மூவரும் குச்சி வீட்டுக்குள் தொப்பலாக நனைந்துகொண்டு நின்றார்கள்.

புது வீட்டு ஜன்னலிலிருந்து காமுத்தாயி கத்தினாள். “மச்சான், தம்பிகளையும் கூட்டிட்டு வாங்க! இங்கே ஒரு சொட்டு ஒழுகலை! சுடுசோறு ஆறுது!”

“இரு காமு!” என்று இங்கிருந்து கத்தினான் மொக்கைச்சாமி. “ஈரக்காலோட புது வீட்டுக்குள்ள வரலாமா? கால் காஞ்சதும் வந்துடறோம்!”

“மழையில நின்னா எப்படி மச்சான் கால் காயும்?”

மூவரும் அதை யோசித்தார்கள். காமுத்தாயி சொன்னால் அதில் ஒரு அர்த்தம் இருக்கும் என்பது அவர்களுக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

“மதினி சொல்றது சரிதான் அண்ணே,” என்றான் ஒச்சப்பன். “மழையில நின்னா காயாது.”

“அதுக்குத்தானே வீட்டுக்குள்ள நிக்கிறோம்,” என்றான் வீரணன்.

மொக்கைச்சாமி தலையாட்டினான். அப்புறம் மூக்கு நுனியில் சொட்டுகிற தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, சாரல் உள்ளே அடிக்குமே என்று கதவை இறுக்கிச் சாத்தினான்.