தீனி கேட்காத மணிகள்

முன்னொரு காலத்தில், மாடு தின்கிற பருத்திக்கொட்டை மனிதர் தின்கிற அரிசியைவிட விலை ஏறிப்போயிருந்த ஒரு காலத்தில், ஒரு ராஜா இருந்தார். நல்ல ராஜாதான். ஆனால் அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது லேசுப்பட்ட காரியமில்லை. சங்கு ஊதினால் திரும்பிப் படுப்பார். மேளம் கொட்டினால் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வார். விடியற்காலையில் காய்கறியும் விறகும் சட்டிபானையும் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகும் மாட்டு வண்டிகளின் மணிச்சத்தம் ஒன்றுக்குத்தான் அவருடைய கண் திறக்கும்.

ஒருநாள் ராஜா கண்ணைத் திறந்தபோது சூரியன் உச்சிக்கு வந்திருந்தது. சபையில் மந்திரி பிரதானிகள் கொட்டாவி விட்டுக் களைத்துப்போயிருந்தார்கள்.

"இன்று ஏன் மணிச்சத்தம் கேட்கவில்லை? வண்டிகள் எங்கே போயின?" என்று ராஜா சீறினார்.

பண்டகசாலை அதிகாரி வயிரவநாதர் எழுந்து நின்றார். எழுந்து நிற்பதற்கே அவருக்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். "மகாராஜா, மழை பொய்த்துவிட்டது. வைக்கோல் விலையும் புண்ணாக்கு விலையும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்."

"நம் பண்டகசாலையில் தீனி இருக்கிறதே!"

"இருக்கிறது மகாராஜா. சபையோருடைய வண்டி மாடுகளுக்கே அது சரியாகப் போகிறது. ஒரு பிடிகூட மிஞ்சாது."

அதுவும் உண்மைதான். அந்த ராஜ்யத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சபையில் ஆசனம் உள்ளவர் தலைக்கு ஒரு வண்டி. அடுத்தவர் வண்டியில் ஏறினால் மரியாதைக் குறைவு. ஆகவே ஒவ்வொரு பெரிய மனிதரும் தன்னந்தனியாக ஒரு கூண்டு வண்டியில் வந்து இறங்குவார். வயிரவநாதருடைய வண்டிக்கோ நாலு மாடு. அவர் வீடு இருந்தது பக்கத்துத் தெருவில்.

இதைப் பற்றி விகடக்காரன் அம்பலத்தாடி ஒருமுறை சபையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். "அதிகாரி வீட்டு மாடுகள் அரண்மனை வாசலில் வந்து நிற்கும்போது, வண்டியின் பின்சக்கரம் இன்னும் அவர் வீட்டு வாசலிலேயே நிற்கிறது" என்றான். சபை குலுங்கிச் சிரித்தது. வயிரவநாதரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு அவருக்குத் தொண்டையில் சிக்கிய மீன்முள். இன்றைக்கு அதை எடுத்துவிட நாள் வந்தது.

"மகாராஜா, எல்லாவற்றுக்கும் விடை வைத்திருக்கும் நம் அம்பலத்தாடியிடம் இதை ஒப்படைக்கலாமே! பண்டகசாலைத் தீனியில் கை வைக்கக் கூடாது. கஜானாவிலிருந்து காசு கேட்கக் கூடாது. எந்த வண்டிக்காரனையும் வற்புறுத்தக் கூடாது. அம்பலத்தாடியால் முடியாவிட்டால் அவனுடைய மாட்டைப் பண்டகசாலைச் செக்கில் பூட்டிவிடலாம். செக்குக்கு வேறொரு மாடு வைத்துத் தீனி போடுவதாவது மிச்சமாகும்."

ராஜாவுக்கு இந்த மாதிரிப் பந்தயம் என்றால் சர்க்கரைப் பொங்கல். "நல்ல யோசனை! அம்பலத்தாடி, வெள்ளிக்கிழமை விடியலில் இந்தத் தெருவில் மாட்டுமணிச் சத்தம் கேட்டு நான் விழிக்க வேண்டும். இது நம் ஆணை" என்றார்.

அம்பலத்தாடி குனிந்து வணங்கினான். எல்லோரும் அவன் ஏதோ சொல்லப்போகிறான் என்று சிரிக்கத் தயாரானார்கள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கும் சிரித்தார்கள்.

அவனுடைய தலையெழுத்து அதுதான். வாயைத் திறந்தால் சிரிப்பார்கள், மூடினாலும் சிரிப்பார்கள். பொழுது சாய்ந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வழிநெடுக "அம்பலத்தாடி இன்று சொன்னதைக் கேட்டாயா?" என்று பேசிக்கொண்டு போவார்கள். "அம்பலத்தாடி, சாப்பிட்டாயா?" என்று கேட்க ஒரு நாதியில்லை. கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தி நாச்சியம்மை. அவனுடைய பெண்டாட்டி. அவள் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு அவன் வண்டியில் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. அந்த இடத்தில் அவன் துண்டை மடித்து வைத்திருப்பான். வெற்றுப் பலகையைப் பார்க்க அவனுக்குப் பிடிக்காது.

வீட்டில் அவனுக்கு மிஞ்சியது மாடுதான். சாம்பல் பூத்த மயிலைக் காளை. நாச்சியம்மை கன்றாக வாங்கி வளர்த்தது. மயிலையான் என்று பெயர் வைத்ததும் அவள்தான். அன்று சாயங்காலம் அம்பலத்தாடி தன் கஞ்சியில் பாதியை மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டு, அதன் எதிரே குந்திக்கொண்டான்.

"உன்னைச் செக்குல பூட்டப் போறாங்களாம்டா" என்றான்.

மயிலையான் கஞ்சியைக் குடித்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தது. அது சிரிக்கவில்லை. இந்த ஊரில் அவன் பேச்சைக் கேட்டுச் சிரிக்காத ஜீவன் அது ஒன்றுதான். அதையும் கொண்டுபோய்விட்டால் இந்த வீட்டில் யாரிடம் பேசுவது? அதை நினைத்ததும் அம்பலத்தாடி மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். விகடக்காரன் அழுதால் பார்ப்பவர்கள் அதையும் வித்தை என்பார்கள். நல்லவேளை, அங்கே பார்ப்பதற்கு யாரும் இல்லை.

மறுநாள் அவன் வண்டிப்பேட்டைக்குப் போனான். அங்கே வண்டிகள் நுகத்தடியைத் தரையில் ஊன்றிக் கிடந்தன. மாடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. வண்டிக்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு விலைவாசியை வைதுகொண்டிருந்தார்கள்.

"வாங்க, வாங்க! சிரிச்சு நாளாச்சு" என்று எழுந்து வந்தான் பேட்டைத் தலைவன் இருளப்பன்.

"இருளப்பா, நீ ஊருலேருந்து கத்திரிக்கா ஏத்திக்கிட்டு வர்றே. திரும்பிப் போறப்ப வண்டியில என்ன?"

"என்னத்த? காத்துதான்."

"காத்தை இழுக்கிறதுக்கும் மாட்டுக்குத் தீனி போடுறியா?"

பேட்டை முழுக்கக் கொல்லென்று சிரித்தது. அம்பலத்தாடி கையை உயர்த்தினான். "சிரிக்காதீங்கப்பா. நெசமாத்தான் கேக்குறேன். உன் வண்டியில பாதிதான் கத்திரிக்கா. பக்கத்து ஊரு வண்டியில பாதிதான் பானை. ரெண்டையும் ஒரே வண்டியில ஏத்துங்க. இன்னைக்கு உன் மாடு இழுக்கட்டும், நாளைக்கு அவன் மாடு. அச்சுக்கு மசகு போடுங்க. மேட்டுல ஏறுறப்ப இறங்கி நடங்க. இருக்கிற தீனி ரெண்டு மடங்கு நாளுக்கு வரும்."

"ஒரு வண்டிக்காரன் இன்னொரு வண்டிக்காரன் வண்டியில ஏறுறதா!" இருளப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "எங்க அப்பன் பொணமாப் போறப்பகூடச் சொந்த வண்டியிலதான் போனாரு. நல்லாச் சொன்னீங்க போங்க! இன்னொன்னு சொல்லுங்க."

சபையில் இருக்கிற அதே வழக்கம் பேட்டையிலும் இருந்தது. அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி. அம்பலத்தாடி அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நின்றான். தீப்பற்றி எரிகிறது என்று இவன் கத்தினாலும் ஊர் சிரித்துக்கொண்டே வேகும். அப்படி ஒரு பிறவி இவனுக்கு வாய்த்திருந்தது.

கடைசியில் அவன், "சரி, அது போகட்டும். உங்க மாட்டுக் கழுத்து மணியையெல்லாம் வெள்ளிக்கிழமைக்கு மட்டும் இரவல் குடுங்க" என்றான்.

"மணிதானே? அதுக்கு என்ன தீனியா போடணும்! எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார்கள். கோணி நிறைய மணி கிடைத்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. அம்பலத்தாடி எல்லா மணிகளையும் தன் உடம்பில் கட்டிக்கொண்டான். கழுத்தில் ஒரு கொத்து, இடுப்பில் ஒரு சுற்று, தோளில், கையில், முழங்காலில். மயிலையானின் மணியை நெஞ்சுக்கு நேரே கட்டினான். ராஜவீதியில் இறங்கி நடந்தான்.

தெரு வெறிச்சென்று கிடந்தது. ஒரு சக்கரம் ஓடவில்லை. பெரிய அகலமான தெருவில் அவன் ஒருவன் மட்டும் ஜல்ஜல்லென்று நடந்தான். மணிகளின் கனத்தில் கழுத்து நரம்பு புடைத்தது. தனியாக நடப்பது அவனுக்குப் பழக்கந்தான். ஆனால் இத்தனை சத்தத்தோடு தனியாக நடந்தது அன்றைக்குத்தான். பாதி வழியில் பின்னால் குளம்புச் சத்தம் கேட்டுத் திரும்பினான். மயிலையான் தன் மணிச்சத்தத்தைக் கேட்டு, தும்பை அறுத்துக்கொண்டு வந்து நின்றது. "ஏன்டா வந்தே?" என்றான். அது அவன் தோளில் மூச்சு விட்டது.

அரண்மனையில் ராஜா பட்டென்று விழித்தார். "வந்துவிட்டன வண்டிகள்!" என்று உப்பரிகைக்கு ஓடிவந்தார். கீழே பார்த்தால் தெருவில் ஒரு மனிதன், ஒரு மாடு. மணியெல்லாம் மனிதன் உடம்பில், மாட்டுக்கழுத்து வெறுமை. ராஜா உப்பரிகைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சத்தம் கேட்டுச் சபையோர் தலைக்கு ஒரு கூண்டு வண்டியில் வந்து இறங்கினார்கள். தங்கள் மணிகளின் ஓசை தெரிந்து வண்டிக்காரர்களும் ஓடிவந்தார்கள்.

"மோசடி! வண்டி எங்கே?" என்று வயிரவநாதர் கத்தினார்.

"ஆணையில் வண்டி இல்லையே, ஐயா. மாட்டுமணிச் சத்தம் கேட்டு மகாராஜா விழிக்க வேண்டும் என்பதுதான் ஆணை. இவை மாட்டுமணிகள். மகாராஜா விழித்திருக்கிறார். தீனியில் கை வைக்கவில்லை, காசு கேட்கவில்லை, யாரையும் வற்புறுத்தவில்லை."

"ஒப்புக்கொண்டேன்! மாடு உனக்கே" என்றார் ராஜா. "ஆனால், அம்பலத்தாடி, தினமும் நீயே மணி கட்டிக்கொண்டு வருவாயா?"

"வேண்டியதில்லை, மகாராஜா. பேட்டை மாடுகள் கழுத்துக்கொன்றாகச் சுமந்த மணிகளை ஒரே கழுத்தில் சுமந்து வந்துவிட்டேன். கனம்தான். ஆனாலும் வந்துவிட்டேன். ஒரு கழுத்து போதும் என்கிற இடத்தில் எத்தனை கழுத்துகளுக்கு நாம் தீனி போடுகிறோம்?" அவன் திரும்பி, வாசலில் வரிசையாக நின்ற கூண்டு வண்டிகளைப் பார்த்தான். வண்டிக்கு ஒருவராக இறங்கி நின்ற சபையோரும் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"பாவி மனுசன் அன்னைக்கே சொன்னாரு. நாமதான் சிரிச்சுத் தொலைச்சோம்" என்றான் இருளப்பன், தன் ஆட்களிடம்.

ராஜா அப்போதே ஆணையிட்டார். இனி அரண்மனைக்கு வரும் எந்த வண்டியிலும் காலி இடம் இருக்கக் கூடாது. மிஞ்சும் வண்டி மாடுகளுக்கான தீனி பேட்டைக்குப் போகும். பெரிய மனிதர்களே ஒரே வண்டியில் நெருக்கியடித்து உட்காரும்போது வண்டிக்காரர்களுக்கு என்ன மரியாதைக் குறைவு? கத்திரிக்காயும் பானையும் அன்றே ஒரு வண்டியில் ஏறின.

"உனக்கு என்ன பரிசு வேண்டும், கேள்" என்றார் ராஜா.

அம்பலத்தாடி மணிகளை அவிழ்த்துக்கொண்டே, "என் வண்டியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, மகாராஜா. யாராவது வந்து உட்கார்ந்தால் போதும்" என்றான்.

அவன் நிஜமாகத்தான் கேட்டான். சபையோ வெடித்துச் சிரித்தது. ராஜாவுக்குக் குறும்பு ஏறியது. "அப்படியே ஆகட்டும்! வயிரவநாதரே, உம்முடைய நாலு மாட்டு வண்டி கோட்டைக்கு அப்பால் இருப்பவர்களை ஏற்றிவரட்டும். நீர் அம்பலத்தாடியின் வண்டியில் வாரும். உம் வீடு அவன் வரும் வழிதானே!"

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதையாகப் போயிற்று. துணை கேட்டவனுக்கு எதிரியைத் தூக்கிக் கொடுத்தார்கள். அம்பலத்தாடி தலைகுனிந்து வணங்கி, மயிலையானை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

மறுநாள் காலையில் வயிரவநாதர் மடித்த துண்டின் மேல் உட்கார்ந்தார். வண்டி ஒருபக்கம் சாய்ந்து கிரீச்சிட்டது. மடியில் ஒரு தூக்குச்சட்டி வைத்திருந்தார். தெருமுனை திரும்பியதும் அவர் சட்டியைத் திறந்தார். கருப்பட்டிப் பணியாரம். நெய் மணந்தது. ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். அம்பலத்தாடி மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி எடுத்தார், மறுபடி வைத்தார்.

"என்ன தொல்லை இது!" என்று வெடித்தார். "வண்டியில் உட்கார்ந்து தின்பது என் பழக்கம். வீட்டிலும் தனியாகத்தான் தின்கிறேன், வண்டியிலும் தனியாகத்தான். பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு நான் மட்டும் தின்றால் வயிற்றுவலி வந்து தொலையுமே! ஓய், காலையில் ஏதாவது சாப்பிட்டாயா இல்லையா?"

அம்பலத்தாடிக்குக் கையில் பிடித்திருந்த கயிறு தளர்ந்தது. நாச்சியம்மைக்குப் பிறகு அவனை யாரும் கேட்காத கேள்வி அது. பதிலுக்கு ஒரு விகடமும் வாயில் வரவில்லை. "இல்லை" என்றான்.

"பிடி, அப்படியானால். இரண்டு எடுத்துக்கொள். சிந்தாமல் தின்."

தெருவெல்லாம் வண்டிகள் மணியடித்துக்கொண்டு போயின. உப்பரிகையில் விழித்து நின்ற ராஜா, ஒரே வண்டியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வரும் அந்த இருவரையும் பார்த்தார். "அம்பலத்தாடி! இந்தக் காட்சிக்கு ஒரு விகடம் சொல், கேட்போம்!" என்று குரல் கொடுத்தார்.

அம்பலத்தாடி நிமிர்ந்தான். வாய் நிறையப் பணியாரம். பேச முடியாமல் கையை மட்டும் ஆட்டினான். அதைப் பார்த்து ராஜாவுக்கு வந்த சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. கழுத்து முத்துமாலையைக் கழற்றி உப்பரிகையிலிருந்து வீசினார். அம்பலத்தாடி அதை நெய்க்கையால் பிடித்து மடியில் போட்டுக்கொண்டான். முதலில் வாயில் இருந்ததை மென்று முடிக்க வேண்டியிருந்தது. வயிரவநாதர் சட்டியிலிருந்து மூன்றாவதை எடுத்து அவன் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்.