குழாய்க் காட்டுக்குப் போன பன்னிங்க

கடல் தாண்டி, கப்பலேறிப் போனா சீமை, அந்தச் சீமையில ஒரு ஊர்ல வினிஃப்ரெட்னு ஒருத்தி இருந்தா. அவளுக்கு மூணு பன்னி. ஊரே அவளை அரைக்கிறுக்குன்னு சொல்லும். ஊரை ஒட்டி ஐந்நூறு வருசத்து ஓக் மரக் காடு. ஐப்பசி பொறந்தா சனங்க பன்னிங்கள அதுக்குள்ள ஓட்டிவிடுவாங்க, உதிர்ந்த ஓக் கொட்டையத் தின்னு பன்னிங்க கொழுத்து வரும். காடுன்னு இருந்தா பன்னிக்குத் தீனி உண்டுன்னு ராசாவோட பாட்டன் குடுத்த உரிமை அது.

ராசாவுக்கு ஒரு மந்திரி. தன் மாளிகைக்குச் சீக்கிரமா போக, காட்டை வெட்டி ரோடு போடணும்னு அவனுக்கு ஆசை.

"ராசாவே, ஒரு மரம் வெட்டினா என்ன, அதுக்குப் பதிலா பத்து மரம் வச்சிருக்கேன், அந்தா பாருங்க"ன்னான்.

ராசா மாடியில நின்னு தூரக்கண்ணாடியில பார்த்தாரு. குன்று பூரா வெள்ளை வெள்ளையா பிளாஸ்டிக் குழாய். மான் கடிக்காம இருக்க அங்க மரக்கன்னைச் சுத்திக் குழாய் மாட்டுவாங்க, அதான்.

"பலே, நாளைக்கே வெட்டு"ன்னுட்டாரு.

ஆந்தை எங்க போகும், அணில் எங்க போகும், நம்ம பன்னி எங்க போகும்னு சனமெல்லாம் அழுதுச்சு. வினிஃப்ரெட் அழல. "அதான் புதுக்காடு இருக்கே"ன்னு அன்னைக்கே பன்னிங்கள குன்றுக்கு ஓட்டிக்கிட்டுப் போயிட்டா.

பசிச்ச பன்னி சும்மா இருக்குமா? கொட்டை தேடி ஒரு குழாயை முட்டுச்சு, அப்புறம் இன்னொண்ணை முட்டுச்சு, அப்புறம் பார்த்தா வரிசை வரிசையா சாயுது. மாடியிலேருந்து பார்த்த ராசா, "ஐயோ என் காடு"ன்னு செருப்புகூட மாட்டாம குதிரையேறி வந்தாரு. மந்திரி பின்னாலேயே மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"ஏம்மா, என் காட்டை ஏன் அழிக்கிற?"

"அழிக்கல ராசாவே. காடுன்னா தீனி உண்டுல்ல, பாவம், தேடுதுங்க. நீங்களும் கொஞ்சம் தேடிக் குடுங்க."

ராசா ஒரு குழாயைத் தூக்கினாரு, காஞ்ச குச்சி. இன்னொண்ணைத் தூக்கினாரு, உள்ள நத்தை. மூணாவதைத் தூக்கினாரு, குச்சியும் இல்ல, நத்தையும் இல்ல, வெறும் காத்து.

"மந்திரி, யாருய்யா தண்ணி ஊத்தினது?"

"வச்சிருக்கேன்னுதானே சொன்னேன், தண்ணி ஊத்தினேன்னு சொல்லலையே, ராசாவே"ன்னான் அவன். சிரிக்காதீங்க, அப்படியேதான் சொன்னான்.

ராசாவுக்கு வந்துச்சே கோவம். "பழைய காட்டுல ஒரு கிளை விழக்கூடாது. நீ இங்கேயே இருந்து கன்னு வச்சுத் தண்ணி ஊத்து. இந்தக் குன்றுல காய்ச்ச கொட்டைய ஊர்ப் பன்னி தின்னுற அன்னைக்கு வீட்டுக்குப் போ"ன்னுட்டாரு.

ஓக் மரம் காய்க்க எத்தனை வருசம் ஆகும் தெரியுமா? நாப்பது. மந்திரி இன்னும் குடத்தோட குன்று ஏறிக்கிட்டிருக்கான்.

வெட்டப் பார்த்தவனுக்குக் குடம், காப்பாத்தினவளுக்குக் காடு, கேட்ட உங்களுக்கு இந்தக் கதை.